அக்காவுக்குச் சொல்லாத கித்தோ இரவுகள்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் பலேர்மோவின் பல்லரோ சந்தைக்குப் போனது கத்தரிக்காய் வாங்கத்தான். பாட்டுப் பாட அல்ல.

கடைகள் கட்டுகிற நேரம். மீன்காரர் மேசையில் தண்ணீரை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு வயது மகள் ஆரணி என் இடுப்பில். பைகளோடு இவர் பின்னால். சந்தை முடிகிற மூலையில் ஒரு சின்னக் கூட்டம்.

எட்டிப் பார்த்தேன். கம்பளிப் போர்வை போட்ட மூன்று ஆண்கள், ஒரு பெண். ஒரு சின்னக் கிட்டார், இடுப்பளவு உயரத்தில் ஒரு மேளம், மூங்கில் துண்டுகளை வரிசையாகக் கட்டிய ஒரு குழல். தென்னமெரிக்காக்காரர்கள். ஜெனோவாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, கோடை முடியும்வரை ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போகிறவர்கள்.

ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவோம் என்றுதான் நின்றேன். அந்தப் பெண் ஒரு பாட்டைத் தொடங்கினாள். முதல் வரி முடியவில்லை, என் கை மயிர் சிலிர்த்துவிட்டது. இரண்டாவது வரியில் நானும் பாடிக்கொண்டிருந்தேன்.

முழுப் பாட்டும். ஸ்பானிய மொழியில். பல்லரோ மூலையில், இடுப்பில் பிள்ளையோடு.

பாடி முடித்த பெண் என்னைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிடுவது போல் ஒன்று செய்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆரணிக்கு அதெல்லாம் இல்லை. "மம்மா, அங்கோரா, அங்கோரா" என்று என் கன்னத்தைத் தட்டினாள். இன்னொரு தரம் பாடட்டாம்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரப் பத்தியில் நான் உங்களுக்கு வேறு ஏதாவது எழுதியிருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இவர் அதைக் கைத்தொலைபேசியில் பதிந்திருக்கிறார். பதிந்ததும் பரவாயில்லை. எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

"ஏன் போட்டனீங்கள்?"

"நல்லாத்தானே பாடினனீர். சனம் பாக்கட்டுமெண்டு போட்டனான்."

"அக்கா பாத்திடுவா."

இவர் திரும்பப் போனை எடுத்தார். பிறகு மெல்ல, "அழிச்சுவிடட்டோ?" என்றார்.

எங்கள் போனில் அழித்தால் கிளிநொச்சியில் அக்காவிடம் இருக்கிற போனிலிருந்து அழியுமா? நாங்கள் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் செய்தி வந்துவிட்டது. ஒரே வரி.

"பிள்ளை, இந்தப் பாட்டு எங்கை பழகினனீ?"

எவ்வளவு சாதாரணமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆறு வருடமாகத் தைரியம் வரவில்லை.

பலேர்மோவுக்கு வருவதற்கு முன் நானும் இவரும் ஏழு மாதம் கித்தோவில் இருந்தோம். எக்குவடோரின் தலைநகரம். தென்னமெரிக்காவில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? ஒருவரும் இல்லை. நாங்கள் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கலியாணமாகி மூன்று மாதம். "இரண்டு கிழமை அங்கை நில்லுங்கோ, பிறகு நான் ஏத்திவிடுறன்" என்று எங்களை அனுப்பிவைத்த ஏஜென்ட் சொன்னார். அந்த இரண்டு கிழமைதான் ஏழு மாதமானது.

கித்தோ மலைக்கு மேலே கிடக்கிற நகரம். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். பகலில் வெயில், பொழுதுபட்டால் வன்னியில் பிறந்தவர்களுக்கு அடையாளமே தெரியாத ஒரு குளிர். பழைய நகரத்தில், மார்த்தா என்ற ஐம்பது வயதுக்காரியின் வீட்டு மாடியில் ஓர் அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் முதுகுப்பை. ஏஜென்டின் கட்டளை அது. "எந்த நேரமும் கூப்பிடுவன். ஒரு மணித்தியாலத்திலை வெளிக்கிடவேணும். பாஸ்போட்டும் பையும் கையோடை இருக்கவேணும்."

எனவே நாங்கள் கட்டிலில் இருந்தோம். போனைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் இருந்தோம். புதுத் தம்பதிகள் இப்படி இருப்பதை மார்த்தாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைத் தட்டினாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குத் தெரிந்த மொழி எங்களுக்குத் தெரியாது. நான் பையைக் காட்டினேன், போனைக் காட்டினேன், வர முடியாது என்று கையை விரித்தேன். அவள் பையைத் தூக்கி இவருடைய முதுகில் மாட்டினாள். போனை எடுத்து இவருடைய சட்டைப் பைக்குள் போட்டாள். பிரச்சினை முடிந்தது.

அவள் கூட்டிப்போனது கல்லுப் பதித்த, சரிந்து இறங்கும் ஓர் ஒடுங்கிய தெருவுக்கு. மேலே சின்னச் சின்னப் பல்கனிகள், ஒவ்வொன்றிலும் பூச்சாடி. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு வந்து தெருவில் விழுந்தது. அதில் ஒரு கதவுக்குள் மார்த்தாவின் தம்பி கிட்டார் வாசித்தார். மொத்தம் எட்டு மேசை. சுவரோடு ஓர் அடுப்பு. அடுப்பில் ஒரு பெரிய பானை, அதிலிருந்து வந்த மணம்... கறுவாப்பட்டை. எங்கள் ஊர்க் கறுவா.

நான் உருகிவிட்டேன். கறுவாப் போட்ட தேத்தண்ணீர் என்று நினைத்து இரண்டு குவளை குடித்தேன். காது இரண்டும் சுட்டது. மார்த்தா சிரித்துச் சிரித்து, கரும்பை வெட்டுவது போலவும் போத்தலைச் சரிப்பது போலவும் கையால் காட்டினாள். கரும்புச் சாராயம். எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை — பாவம் செய்துவிட்டேனா, உடம்புக்கு ஏதும் வருமா என்று. இரண்டாம் வெள்ளி, சாராயம் கலக்காமல் கேட்டு வாங்கினேன். மூன்றாம் வெள்ளி கேட்க மறந்துவிட்டேன்.

ஓம், ஒவ்வொரு வெள்ளியும் போனோம்.

முதலில் மெதுவான பாட்டுகள். அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் பாடம். கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். பாடி முடித்துக் கண்ணைத் துடைத்து, துடைத்த கையாலேயே ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரிப்பார்கள். பல்லரோவில் நான் பாடியதும் அதில் ஒன்றுதான். ஊரை விட்டுப் போகிற ஒருவன் திரும்பி வரமாட்டேன் என்று சொல்கிற பாட்டாம். அந்த நாட்களில் எனக்கு அர்த்தம் தெரியாது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பாடியிருக்கிறேன்.

பிறகு மேளம் வரும். மேசைகளைச் சுவரோடு தள்ளுவார்கள்.

முதல் வெள்ளியன்று அந்த மேளத்தில் முதல் அடி விழுந்ததும் நான் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். யோசித்துக் குனியவில்லை. உடம்பு குனிந்துவிட்டது. அதற்கு முந்திய யுத்த வருடங்களில் எங்களுக்கு இரவென்றால் காதைக் கொடுத்துக்கொண்டு படுப்பதுதானே — சத்தம் எந்தப் பக்கம், கிட்டவா, தூரவா என்று. யாரும் சிரிக்கவில்லை. மார்த்தாவின் தம்பி மட்டும் பார்த்துவிட்டார். அடுத்த வெள்ளியிலிருந்து, மேளம் தொடங்குவதற்குச் சற்று முன் அவர் கிட்டாரிலிருந்து ஒரு விரலை எடுத்து என் பக்கமாக உயர்த்துவார். இப்போது வரப்போகிறது, பயப்படாதே.

ஏழு மாதமும் அந்த விரல் ஒரு நாளும் மறக்கவில்லை. அவருடைய முகம் எனக்கு இப்போது அரைகுறையாகத்தான் ஞாபகம். அந்த விரல் நன்றாக ஞாபகம்.

இவர் முதுகுப்பையோடுதான் ஆடினார். கழற்றி வைத்தால் தொலைந்துவிடும், ஏஜென்ட் கூப்பிட்டால் என்ன செய்வது? பை ஒரு பக்கம் ஆடும், இவர் மறுபக்கம் ஆடுவார். அங்கே எங்களுக்குப் பெயரே 'மொச்சிலா'. அவர்களுடைய மொழியில் முதுகுப்பை. நாங்கள் வாசலில் தலை காட்டினால் உள்ளேயிருந்து எட்டு மேசையும் "மொச்சிலா" என்று கூப்பிடும். நான் ஆடும்போது அடிக்கடி இவர் நெஞ்சில் கை வைப்பேன். பார்த்தவர்கள் காதல் என்று நினைத்திருப்பார்கள். சட்டைப் பைக்குள் போன் அதிர்கிறதா என்று பார்த்தேன்.

கொஞ்சம் காதலும்தான். பொய் சொல்ல ஏன்?

பாட்டு முடிந்து அந்தச் சரிவில் மூச்சு வாங்க வாங்க ஏறி வருவோம். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விளக்கு. எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, ஒரு வீடும் இல்லை, நாளைக்கு எந்த நாட்டில் இருப்போம் என்பதும் தெரியாது. அப்படிச் சந்தோஷமாக நான் அதற்கு முதலும் இருந்ததில்லை, பிறகும்... இல்லை, ஆரணி பிறந்த நாளைச் சேர்க்காவிட்டால் பாவம். ஆனால் அந்த நாளில்கூடப் பயம்தான் அதிகம்.

இதிலென்ன மறைக்க இருக்கிறது? சனிக்கிழமை காலை இருக்கிறது.

சனிக்கிழமைகளில் நான் தெருக்கோடியில் இருந்த தொலைபேசிக் கடைக்குப் போய், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அக்காவோடு கதைப்பேன். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். எனக்குச் சீப்பால் தலை இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். அப்போதுதான் யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, கூரைக்குத் தறப்பாள் கட்டிய கொட்டிலுக்குள் பிள்ளைகளோடு இருந்தார்.

பாட்டுகள் வாயில் ஏறத் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை எனக்குக் குரலே இல்லை. இரவெல்லாம் கத்திப் பாடிய தொண்டை.

"என்ன பிள்ளை, குரல் அடைச்சிருக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா."

"அழுதனியோ?"

நான் பேசாமல் நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு பொய்யும் சொல்லவில்லை. பேசாமல் நின்றேன். அக்கா அதை அழுகை என்றே எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"வாற வெள்ளியிலையிருந்து வெள்ளிக்கு வெள்ளி நான் விரதம். நீ ஒரு நாட்டிலை காலூண்டுற வரைக்கும், பொழுதுபடாமல் பச்சைத் தண்ணியும் பல்லிலை படாது. பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தறப்பாளுக்குள் நிற்கிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது, நான் ஆடிவிட்டு வந்திருக்கிறேன் என்று? நீங்களே சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போன் எடுக்கிற நாங்கள் எல்லோரும் முதலில் சொல்வது என்ன? குளிர். வேலை. இடுப்பு நோவு. சந்தோஷம் என்ற சொல்லை யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? 'அங்கை போய் ஆட்டம் போடுறாள்' என்ற பெயர் வரும். அதைவிட, இழந்துபோனவர்களுக்கு முன்னால் நன்றாக இருப்பது ஒரு மரியாதைக்கேடு மாதிரி. எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளி போகக்கூடாது என்று முடிவெடுத்தேன். போனேன். சனிக்கிழமை குரல் அடைத்திருந்தது. அக்கா அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டார். மனதைத் தேற்ற நான் ஒரு கணக்குக்கூட வைத்திருந்தேன். கித்தோவில் வெள்ளி இரவென்றால் ஊரில் சனிக்கிழமை விடிந்துவிட்டது, எனவே நான் பாடுகிற நேரத்தில் அக்கா பட்டினி இல்லை. எப்படி இருக்கிறது கணக்கு?

கனடாப் பாதை கடைசியில் சரிவரவில்லை. இவருடைய சித்தப்பா மகன் பலேர்மோவில் இருந்தார். சுற்றி வளைத்து இங்கே வந்து சேர்ந்தோம். இங்கே தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, கிடைத்தது, வேலை கிடைத்தது, ஆரணி கிடைத்தாள். "காலூண்டியாச்சு அக்கா, இனி விடுங்கோ" என்றேன். அக்கா விடவில்லை. "இப்ப சின்னவளுக்காண்டிப் பிடிக்கிறன்" என்றார்.

போன வருடம் வயிற்றுப் புண் என்று அக்காவை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாது என்று டொக்டர் ஏசி அனுப்பினார். அக்காவிடம் கேட்டால் ஒரே பதில்தான். "அந்த விரதம்தான் உன்னைக் கரை சேத்தது. இனி அதை விட்டு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

நான்தான் பொறுப்பு. நான் அழவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த விரதமே தொடங்கியிராது. உண்மையைச் சொன்னால் ஒருவேளை விட்டுவிடுவார். ஆனால் என்னையும் சேர்த்து விட்டுவிட்டால்?

இந்த நிலைமையில்தான் அந்த ஒரு வரி வந்து நின்றது. எங்கை பழகினனீ?

"யூடியூப்பிலை பழகினனெண்டு எழுதும்" என்றார் இவர். எழுதினேன். எழுதிவிட்டு அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன். அடுத்த நாள் காலை, நான் வேலை செய்கிற இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் ஒரே யன்னலை இரண்டு தரம் துடைத்தேன். "நேற்றே துடைத்ததுதானே, அதன் மேல் உனக்கென்ன இவ்வளவு கோபம்?" என்று சிஞ்ஞோரா கேட்டார். மத்தியானம், அவர் படுத்த பிறகு, பல்கனியில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

முன்னது பின்னதாக, எல்லாவற்றையும் சொன்னேன். கறுவாவைச் சொன்னேன், சாராயத்தைச் சொன்னேன், விரலைச் சொன்னேன்.

"அப்ப நீ அழேல்லை."

"இல்லை அக்கா."

"ஒரு நாளும்?"

"அழுதனான். அந்தச் சனிக்கிழமையளிலை இல்லை."

"பாடித்தான் தொண்டை அடைச்சது."

"ஓம்."

"அவரும் ஆடினவரோ?"

"ஓம். பையோடை."

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அடுப்பிலை வேலை கிடக்கு, வைக்கிறன்" என்றார். வைத்துவிட்டார்.

வியாழன் ஒன்றும் இல்லை. வெள்ளி ஒன்றும் இல்லை. வழமையாகக் காலையில் ஒரு பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறவர். அதுவும் இல்லை. சாப்பிட்டாரா, பட்டினியா, எப்படித் தெரியும்? ஆரணிக்குத் தலை இழுக்கும்போது சீப்பு இரண்டு தரம் கை தவறியது. "மம்மா, பியானோ" என்று அவள் கத்தினாள். மெதுவா இழு என்கிறாள். சொல்லியிருக்கக் கூடாதோ? ஆறு வருடம் முந்திச் சொல்லியிருக்க வேண்டுமோ? இரண்டும் ஒரே நேரத்தில் சரி மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அக்காவாகவே எடுத்தார்.

"நீ ஆடினதுக்கு எனக்குக் கோவமில்லை. கண்டியோ? ஆடுற வயசிலை ஆடத்தான் வேணும்."

"பிறகேன் அக்கா கதைக்கேல்லை?"

"அந்த வருசத்தை யோசிச்சுக்கொண்டிருந்தனான். இஞ்சை ஒரு வீட்டிலையும் ஒரு நல்ல செய்தி இல்லை. விடிஞ்சா ஆரையோ தேடுறது, பொழுதுபட்டா ஆருக்கோ அழுறது. அது உனக்கும் தெரியும். அந்த நேரம் உன்னட்டை ஒரு நல்ல செய்தி இருந்திருக்கு. கிழமைக்கு ஒண்டு இருந்திருக்கு. நீ தரேல்லை."

அக்கா நிறுத்தவில்லை.

"உன்ரை மனுசன் முதுகிலை பையோடை ஆடுறாரெண்டு ஒரு சனிக்கிழமை சொல்லியிருந்தியெண்டா, நான் அந்தத் தறப்பாளுக்குள்ளை இருந்து சிரிச்சிருப்பன். பிள்ளையளுக்கும் சொல்லியிருப்பன். அதுகளும் சிரிச்சிருக்குங்கள்."

என் சந்தோஷம் அக்காவுக்கு வலிக்கும் என்று நினைத்துத்தான் ஒளித்து வைத்தேன். யாரைக் கேட்டு அப்படி நினைத்தேன்? அக்காவைக் கேட்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று நானே முடிவெடுத்தேன். கஷ்டத்தைப் பங்கு போடுவதில் எங்கள் ஆட்களை அடிக்க ஆளில்லை. சந்தோஷத்தில்தான் இப்படிக் கையை மூடிக்கொள்கிறோம்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"சரி, அதை விடு. அவர் ஆடின படம் ஏதும் கிடக்கோ?"

"இல்லை அக்கா. அப்ப பட்டன் போன்தானே."

"அட." உண்மையாகவே கவலைப்பட்டார்.

நான் பயந்து பயந்துதான் கேட்டேன். "நேற்று விரதமோ?"

"மத்தியானம் சாப்பிட்டனான். சாப்பிட்டிட்டுத்தான் குளுசை போடவேணுமாம். உனக்காண்டி எண்டு நினைக்காதை. டொக்டர் சொன்னவர்."

டொக்டர் அதைச் சொல்லி ஒரு வருடமாகிறது. நான் ஞாபகப்படுத்தவில்லை.

இதைப் பத்தியில் எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எழுது. என்ரை பேரைப் போடாதை. சாராயத்தையும் கொஞ்சம் குறைச்சு எழுது" என்றார். முதலாவதைக் கேட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு புதுச் சட்டம். நான் போன் எடுத்தால் வணக்கத்துக்கு முன்னால் அக்கா சொல்வது, "முதல்லை நல்லதைச் சொல்லு." எவ்வளவு கஷ்டம் தெரியுமா? 'ஏதோ இருக்கிறம்' என்று சொல்லிப் பழகிய வாய். இரண்டு நாள் தேடி மூன்று விஷயம் சேர்த்து வைத்துக்கொண்டு நேற்று எடுத்தேன். நான் பின்னால் துரத்தாமலே ஆரணி ஒரு முழு மீன் சாப்பிட்டாள். நான் கேட்காமலே சிஞ்ஞோரா ஓகஸ்ட்டுக்கு ஒரு கிழமை லீவு தந்தார். ஞாயிறு பின்னேரம் பிள்ளையை முதல் தரமாகப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நானும் இவரும் துறைமுகப் பக்கம் போய் அந்தப் பாட்டுக்காரர் கப்பலேறும்வரை நின்று கேட்டோம், ஆடவும் ஆடினோம்.

அக்கா மூன்றையும் கேட்டு முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"காணும் பிள்ளை, கண்பட்டிடும். இனி ஏதும் கஷ்டத்தையும் சொல்லு."